கேரியரில் உட்கார்ந்த பிள்ளையின் கால்

எங்கள் கூனிமேட்டில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஈசிஆர் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக எத்தனை வழி உண்டோ அத்தனையும் கண்ணில் படும். பாரில் துண்டைச் சுற்றி அதன்மேல் ஒரு பிள்ளை. கேரியரில் இரண்டு பக்கமும் காலைப் போட்டபடி ஒரு பிள்ளை, அதன் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொன்று. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை அக்கா மிதிக்க, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி பின்னால் நின்றபடியே வருவான். குப்பத்துப் பக்கமிருந்து வரும் மீன்பாடி வண்டியில் காலிக் கூடைகளுக்கு நடுவே இரண்டு பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் என் நாத்தனார் மகள் போனில் கேட்டாள். அவள் குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறாள். மூன்று வயது மகனை சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் இரண்டு சக்கரத் தொட்டில் வண்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டுதான் அங்கே கடைக்கும் பூங்காவுக்கும் போகிறாள். டிசம்பரில் ஊருக்கு வருகிறார்கள். "அத்தை, அந்த வண்டிய மடிச்சு எடுத்துட்டு வரட்டுமா? நம்ம ஊர்ல ஓட்டலாமா?" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டேன். யோசித்தபோது அவள் வண்டியைப் பற்றி மட்டும் பேசி முடிக்கிற விஷயமாக இது இல்லை. அந்த வண்டி எந்த ஆபத்தைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காது என்று பார்க்கப்போனால், இங்கே தினமும் கேரியரில் போகும் நம் பிள்ளைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

சைக்கிளில் பிள்ளையை ஏற்றாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அதைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதில் ஒரு சின்ன விவரம் என் மனதில் தங்கிவிட்டது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கிய பெண்களில் சிலர் அதையே விரும்பினார்கள். காரணம், அந்த பாரில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம். பெட்ரோல் உள்ளே வராமல் தடுக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் குடும்பம் குடும்பமாக சைக்கிளை நம்பித்தான் நகர்ந்தார்கள். 1995 அக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி அங்கே வலிகாமம் பகுதியே காலியானபோது, ஏற்றியும் உருட்டியும் பிள்ளைகளைக் கொண்டுபோனது சைக்கிள்தான். ஒரு தாய்க்கு வேறு வண்டி இல்லாதபோது சைக்கிள்தான் வண்டி. அதை எப்படி ஆபத்தில்லாமல் ஆக்குவது என்பதுதான் பேச்சு.

பிள்ளையும் சைக்கிளும் என்றாலே நமக்குத் தலைதான் நினைவுக்கு வரும். தலை முக்கியம், அதற்கும் வருகிறேன். ஆனால் நம்மூர் சைக்கிளில், நம்மூர் கேரியரில் நான் பார்த்தவரை அடிபடுவது பெரும்பாலும் கால்தான். அதிலும் குதிகாலும் கணுக்காலின் பின்பக்கமும். யாரும் கீழே விழ வேண்டாம், எந்த வண்டியும் மோத வேண்டாம். தெருவில் நேராக, மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நடந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஒன்றரைச் சுற்று. பழைய கறுப்பு சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 போக்ஸ் கம்பி இருக்கும். அப்படியென்றால் பிள்ளையின் பாதத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நொடியும் 60 கம்பி ஓடுகிறது. கேரியரில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரும் நான்கைந்து வயதுப் பிள்ளையின் பாதம் ரிம்முக்குக் கீழே, அந்தக் கம்பிகளுக்கு நேராகத்தான் தொங்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளை, தூக்கம் சொக்கும் பிள்ளை, காலை ஆட்டும் பிள்ளை. ஒரு கணம் பாதம் உள்ளே போனால், சக்கரத்தின் மேல்பாதி முன்னோக்கிச் சுற்றுவதால் பாதத்தையும் முன்னால் இழுத்துக்கொண்டு போய், சீட்டிலிருந்து அச்சுக்கு இறங்கும் குழாயோடு சேர்த்து நசுக்கிவிடும். ஓட்டுகிறவருக்கு முதலில் தெரிவது சைக்கிள் திடீரென்று கனப்பது மட்டும்தான். ஏதோ சிக்கியிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார். அந்த ஒரு மிதிதான் கொடுமை.

இந்தக் காயம் ஏமாற்றும். முதல் நாள் பார்த்தால் தோல் சிராய்த்தது போலத்தான் இருக்கும். ஆனால் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே தோலும் அதன் கீழே உள்ள சதையும் நசுங்கியிருக்கும். குதிகாலுக்குப் பின்னால் தோலும் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. இரண்டு மூன்று நாளில் தோல் கறுத்து, செத்து, உரிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு உள்ளே எலும்பும் விரிசல் விட்டிருக்கும். குதிகால் நரம்பு வெளியே தெரியும் அளவுக்குப் போய், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வருவதும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை இந்தக் காயத்தோடு மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. நல்லபடியாக ஆறிவிட்டது, இப்போது ஓடுகிறது.

அதனால் கால் சிக்கிவிட்டால் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலைப் பிடித்து இழுக்காதீர்கள். சக்கரத்தை வேகமாகப் பின்னால் சுற்றியும் எடுக்காதீர்கள். பிள்ளையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கட்டிங் பிளேயரால் அந்த இரண்டு மூன்று கம்பியை வெட்டிவிட வேண்டும். கம்பி விலை ஒன்றுமில்லை. நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காலைத் தூக்கி வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் பிள்ளைக்கு இரண்டாவது முறை உயிர் போகும். "சின்னக் காயம்தானே" என்று மருந்துக்கடையோடு நிறுத்தாமல் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, டிடி ஊசி விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். முதல் நாள் சரியாகத் தெரிந்தாலும் மூன்றாம் நாள் மறுபடி காட்டுங்கள். ரத்தம் நிற்கவில்லை, பாதம் வெளுத்துப் போகிறது, விரல் அசையவில்லை என்றால் யோசிக்காமல் 108.

இப்போது தடுப்பதற்கு வருவோம். எங்கள் பக்கத்தில் பல வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பாய் இருக்கிறார். குழந்தை சீட் மாட்டச் சொல்லி யார் போனாலும் அவர் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று கேட்பார். "சீட்டு இருக்கட்டும்மா. புள்ள கால எங்க வைக்கும்?" எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கேள்வியைச் சட்டமே கேட்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வேண்டும் என்கிறது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் சேலைக் கம்பி என்று சொல்வது அதைத்தான். 2022 பிப்ரவரியில் அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி, நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளையை பைக்கில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை, தலைக்கவசம், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் மூன்றும் வேண்டும் என்கிறது. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. அதனால் இந்த விதிகள் அதைத் தொடுவதில்லை. டி.வி.எஸ். எக்ஸெல்லில் போகும் பிள்ளையின் காலுக்கு இருக்கும் காவல் சைக்கிளில் போகும் பிள்ளையின் காலுக்கு இல்லை. இது எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை. சைக்கிள் தயாரிக்கும் இடத்திலேயே கேரியர் வைத்த ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்சக்கரத் தடுப்பைச் சேர்த்துவிட்டால் என்ன செலவாகிவிடும்? நெதர்லாந்தில் சாதாரண வீட்டு சைக்கிளில்கூடப் பின்சக்கரத்தின் மேல்பாதியை இரண்டு பக்கமும் மூடும் தகடு இருக்கும்.

அது வரும்வரை பாய் கடை வழிதான். பழைய நீல பிளாஸ்டிக் டிரம்மின் சுவரை அரைவட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுங்கவைத்து, அதில் ஓட்டை போட்டு, கேரியர் காலோடும் பின் குழாயோடும் இறுக்கிக் கட்டிவிடுகிறார். இரண்டு பக்கமும். விறைப்பாக நிற்கும் பொருளாக இருக்க வேண்டும். கடற்கரை ஊர் என்பதால் பழைய வலையைச் சுற்றிக் கட்டிவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். வலை தொய்ந்து உள்ளே போய், கம்பியோடு சேர்ந்து பிள்ளையின் விரலையும் சுற்றிவிடும். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். தடுப்பு போட்ட பிறகும் கால் தொங்கக் கூடாது. அச்சில் மாட்டும் கால்கட்டை பெரிய பிள்ளைக்குத்தான் எட்டும். சின்னப் பிள்ளைக்கு, பாதத்தை உள்ளே வைத்து மேலே பட்டை போடும் கிண்ணம் உள்ள சீட் வேண்டும்.

பாரில் உட்காரவைத்தால் பிள்ளை நம் இரண்டு கைக்குள் இருக்கிறது, பேசிக்கொண்டே போகலாம், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அங்கே கால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பின்சக்கரத்தில் கால் மாட்டினால் சைக்கிள் நிற்கும். முன்சக்கரத்தில் மாட்டினால் சைக்கிள் தலைகுப்புறக் கவிழும், அம்மாவும் சேர்ந்து. பாரில் மாட்டும் சின்ன சீட்டிலும் கால் வைக்கத் தட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பியத் தரவிதிகளில் முன்பக்க சீட்டுக்கு 15 கிலோ, பின்பக்க சீட்டுக்கு 22 கிலோ என்று எடை வரம்பு வைத்திருக்கிறார்கள். நமக்கும் அது நல்ல அளவுகோல். அதற்கு மேல் எடை உள்ள பிள்ளைக்குத் தனி சைக்கிள் பழக்கிவிடும் வயது வந்துவிட்டது என்று பொருள்.

கட்டுவதைப் பற்றி நிறைய வாதம் கேட்டிருக்கிறேன். துப்பட்டாவால் பிள்ளையைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் தாய்மாரின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சாய்ந்தால் அம்மாவின் முழு எடையும் பிள்ளைமேல் விழும். கட்டு அவிழாததால் பிள்ளை நகரவும் முடியாது. பிள்ளையைக் கட்ட வேண்டியது சீட்டோடு. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கவட்டில் ஒன்று என்று ஐந்து முனையில் பிடிக்கும் பட்டை இருந்தால் தூங்கினாலும் சரியாது. தொங்கும் துணி எதுவாக இருந்தாலும், பாவாடை, முந்தானை, துப்பட்டா, பர்தாவின் ஓரம், ஏறுவதற்கு முன் சுருட்டிச் செருகிவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தையை சைக்கிளில் எந்த சீட்டிலும் ஏற்ற வேண்டாம். தொட்டில் வண்டியிலும் வேண்டாம். அந்தக் கழுத்து குலுக்கலைத் தாங்காது, தலைக்கவசத்தின் கனத்தையும் தாங்காது. முதுகில் துணித்தொட்டில் கட்டிக்கொண்டு ஓட்டுவதும் அதே கணக்குதான். நாம் விழுந்தால் குழந்தை நம் உயரத்திலிருந்து விழும்.

தலைக்கவசம். பிள்ளைகள் அளவில், சைக்கிளுக்கென்று உள்ளது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு நேராக உட்கார வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். நம் வெயிலில் பிள்ளை கழற்றி எறியத்தான் பார்க்கும். அம்மா அப்பாவும் போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்கிறது.

நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளைச் சொல்லாமல் விடக் கூடாது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, பிள்ளையை மேலே உட்காரவைத்துவிட்டு, கடையில் சில்லறை வாங்க ஒரு கையை நீட்டுகிறோம். பிள்ளை எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்கிறது. மணலில் ஸ்டாண்ட் புதைகிறது. ஓடாத சைக்கிளிலிருந்து விழும் பிள்ளைக்கு அடி தலையில்தான். கடைசியாக ஏற்ற வேண்டியது பிள்ளை, முதலில் இறக்க வேண்டியதும் பிள்ளை. நடுவில் ஒரு கை எப்போதும் சைக்கிள்மேல்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்களைப் போன்ற உப்பளத்து ஊருக்கென்று ஒன்று இருக்கிறது, அதுதான் துரு.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் விடியுமுன்னே சைக்கிளில் கிளம்புகிறார்கள். ஜனவரி தொடங்கி மழைக்காலம் வரும்வரை வரப்பு ஓரத்திலேயே சைக்கிள் நிற்கும். பாத்தி நீர் தெறிக்கும், காலில் ஒட்டிய உப்பு பெடலில் ஒட்டும், இரவெல்லாம் கடற்காற்று. அதே சைக்கிளில்தான் சாயங்காலம் பிள்ளை ஏறுகிறது. துரு வெளியே தெரியும் இடத்தில் மட்டும் இருந்தால் பயமில்லை. கேரியரின் கால் அச்சு நட்டோடு சேரும் இடம், கேரியர் மேலே சீட்டுக்குக் கீழே பிடிக்கும் கிளாம்பு, குழந்தை சீட்டின் அடிப் போல்ட், கம்பி பிரேக்கின் மூட்டுகள், இங்கெல்லாம் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டிருக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே போல்ட் பாதியாகத் தேய்ந்திருக்கும். மேடு பள்ளத்தில் ஒரு குலுக்கலில் ஒடியும்.

அதனால் வாரம் ஒருமுறை உப்பில்லாத தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, மூட்டுகளில் எண்ணெய் விடுங்கள். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் மட்டும் எண்ணெய் படக் கூடாது. கேரியரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் பலமாக உலுக்கிப் பாருங்கள், லேசாக ஆடினாலும் அன்றைக்குப் பிள்ளையை ஏற்ற வேண்டாம். சீட் பிடித்திருக்கும் போல்ட்டை வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்து உப்பு வேலை தொடங்குவதற்கு முன்னால், கழற்றிப் புதிது போட்டுவிடுங்கள். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் போடுங்கள். பிள்ளை ஏறினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும். ஏற்றுவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

சரி, நாத்தனார் மகளின் தொட்டில் வண்டிக்கு வருகிறேன்.

நல்ல கருவி அது. பிள்ளையின் கால் எந்தக் கம்பிக்கும் பக்கத்தில் இல்லை. பிள்ளை தரைக்குப் பக்கத்தில் தாழ்வாக, பட்டை போட்டு, கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இழுக்கும் சைக்கிள் சாய்ந்தாலும், இணைக்கும் மூட்டு எந்தப் பக்கமும் திரும்பும் வகையில் செய்யப்பட்டிருப்பதால், வண்டி நிமிர்ந்தே நிற்கும். ஜெர்மனியில் இதற்குச் சாலை விதி இருக்கிறது. இழுப்பவருக்குப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும், ஏழு வயது நிறையாத பிள்ளைகள் இரண்டு பேர்வரை உட்காரலாம். பாய் கேட்கும் கேள்விக்கு இந்த வண்டியில் முழுப் பதில் இருக்கிறது.

ஆனால் புதிதாகச் சில கேள்விகளையும் கொண்டுவருகிறது. வண்டி சைக்கிள் ஹேண்டில் பாரைவிட அகலம். நாம் தப்பிக்கும் பள்ளத்தில் வண்டியின் ஒரு சக்கரம் இறங்கும். ஒரு சக்கரம் மட்டும் கல்லிலோ வேகத்தடை முனையிலோ ஏறி, அதே நேரத்தில் நாம் திரும்பினால் வண்டி கவிழும். கவிழ்வது பெரும்பாலும் வேகமாகத் திரும்பும்போதுதான். நேர் ரோட்டிலும் 15 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், திருப்பத்தில் நடக்கும் வேகம். பெரும்பாலான வண்டிக்குத் தனி பிரேக் கிடையாது. பிடித்தால் அது நம்மைப் பின்னாலிருந்து தள்ளும், ஈர ரோட்டில் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் விலக்கிவிடும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று எழும்பும்போது அந்தத் துணிக்கூண்டு கட்டுமரப் பாய் போல் காற்றை வாங்கும். வடக்கு தெற்காகப் போகும் நம் ரோட்டில் அது முழுக்கப் பக்கக் காற்று. இழுக்கும் மூட்டு பெரும்பாலும் அலுமினியம், அதில் இரும்பு போல்ட். உப்புக்காற்றில் இந்த இரண்டும் சேர்ந்த இடம்தான் முதலில் அரிக்கும். அவள் இங்கே இருக்கும் வாரங்களில் ஒவ்வொரு நாளும் அந்த மூட்டைப் பூட்டும் ஊசியையும், மூட்டு விட்டுப்போனாலும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது பட்டையையும் பார்க்க வேண்டும்.

பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் பிள்ளையின் எடைக்கு உப்பு மூட்டையை வைத்துக் கட்டி, நம் தெருவில் திரும்பி, வேகத்தடை ஏறி, பிரேக் பிடித்துப் பழக வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஜெர்மனியில் பழகிய கை வேறு ரோட்டில் பழகியது. பின்னால் உயரமான கொடி, இரண்டு ஓரத்திலும் சிவப்பு மின்னும் பட்டை. தாழ்வாக இருப்பது கவிழாமல் காக்கும் குணம், அதுவே பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் படாமல் போவதற்கும் காரணம்.

இதைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் வெல்டிங் பட்டறையில் ஒன்று செய்துவிடுவார்கள், அது எனக்குத் தெரியும். செய்யட்டும், நம் ஊர் இரும்பு வேலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் கயிறு கட்டி இழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் பிடித்தால் கயிறு தளர்ந்து, பின்னால் வருவது நேராக நம் சக்கரத்தில் மோதும். விறைப்பான கம்பி, எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டு, கழலாத பூட்டு ஊசி, கூடவே ஒரு சங்கிலி. முதல் வருடம் அதில் தண்ணீர்க் குடம் போகட்டும். எக்ஸெல்லில் போகிறவர் சைக்கிள் கேரியரைக் காலால் தள்ளிக்கொண்டு போவதும், டிராக்டர் பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் தொற்றுவதும் இந்தப் பேச்சோடு சேர்ந்ததுதான். பிள்ளை கேரியரில் இருக்கும்போது அதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் நிறுத்திச் சொல்லுங்கள்.

ஆக, அவளுக்கு என் பதில்: கொண்டு வா. ஊருக்குள்ளே ஓட்டு. கடற்கரைத் தெருவில், தோப்பு வழியில், வண்டி வராத மண் ரோட்டில் காலை நேரத்தில் ஓட்டு. பிள்ளை தூரத்துப் பறவையைப் பார்க்கட்டும். ஈசிஆரில் மட்டும் ஏறாதே. கடக்க வேண்டியிருந்தால் இறங்கி, உருட்டிக்கொண்டு கட.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கும் கணக்குதான். ஈசிஆரில் கார் 80-இல் வருகிறது, சைக்கிள் 12-இல் போகிறது. நூறு மீட்டருக்குப் பின்னால் இருக்கும் கார் ஐந்து நொடியில் பக்கத்தில் வந்துவிடும். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கார்கள் விட்டு விட்டு வருவதில்லை, வரிசையாக வருகின்றன. தார் முடியும் இடத்தில் மணல் படிந்திருக்கும். ஒதுங்கினால் முன்சக்கரம் மணலில் சறுக்கும், ஒதுங்காவிட்டால் பின்னால் ஹாரன். 2022-இல் இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கையில் சாலை விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105. இந்த ரோட்டில் எந்த சீட்டும், எந்தப் பட்டையும், எந்தத் தொட்டில் வண்டியும் பிள்ளையைக் காக்காது. இங்கே தாயின் கவனத்தைப் பற்றிப் பேசுவதே தவறு என்று நினைக்கிறேன். ரோட்டைத்தான் பேச வேண்டும்.

நெதர்லாந்தும் பிறக்கும்போதே சைக்கிள் பாதையோடு பிறக்கவில்லை. 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் மட்டும் 400-க்கு மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்கள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்று பெயர் வைத்தே பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். பாதைகள் அதற்குப் பிறகு பெருகியவை. நம் நாட்டிலும் சைக்கிள் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரஸ் 1962-இலேயே கையேடு போட்டுவிட்டது. எழுதி வைத்திருக்கிறோம். போடத்தான் இல்லை.

இப்போது அதற்கு ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்கு வழிச்சாலையாக மாற்ற 2025 ஆகஸ்ட் 8 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 2,157 கோடி ரூபாய் வேலை. நம் ஊர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. இரண்டு வழியாக இருக்கும்போதே கடக்க இத்தனை பயம், நான்கு வழியானால் வேகம் இன்னும் கூடும். கட்டி முடித்த பிறகு சைக்கிளுக்கு இடம் கேட்டால் எங்கே தருவார்கள்? வரைபடமாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும்.

ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்று தெருவில் சில பெண்கள் பேசி வைத்திருக்கிறோம். கேட்பது நான்குதான். ஊர் நீளத்துக்கும் இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு, அதில் சைக்கிளுக்குத் தடுப்புச் சுவரோடு தனி இடம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் படிக்கட்டு இல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே கடக்கும் சுரங்கவழி, மழைத்தண்ணீர் நிற்காத வகையில். பள்ளி விடும் இடத்துக்கு முன்னும் பின்னும் வெளிச்சமும் வேகத்தடையும். உப்பளத்துக்கு விடியுமுன் போகிறவர்கள் ரோட்டில் ஏறும் இடங்களில் விளக்கு. தீர்மானம் நிறைவேறினால் நகல் மாவட்ட ஆட்சியருக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் போகும். குப்பத்திலிருந்தும், பள்ளிவாசல் தெருவிலிருந்தும், மேற்கே உப்பளத்துப் பக்கமிருந்தும் ஆட்கள் வர வேண்டும். கோரம் சேராமல் தள்ளிப்போனால் அடுத்தது மார்ச் 22. அதற்குள் வரைபடம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் 26 அன்று காலையிலேயே வந்துவிடுங்கள். பிள்ளைகளையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வாருங்கள். பின்சக்கரத் தடுப்பு போடாதவர்களுக்கு அங்கேயே அளவெடுத்து வெட்டிக் கொடுக்க டிரம்மும் ரம்பமும் கொண்டுவருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார்.